உலக நாத்தனார் நாள்

நாத்தனாருக்கென்று தனியாக ஒரு நாளா? வருஷம் முழுக்க அவள் நாள்தானே! எந்தப் புண்ணியவான் இதை எழுதி வைத்தது?

கிழித்த காலண்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மனசுக்குள் இப்படிக் கேட்டவளுக்கு அடுத்த நொடியே உறைத்தது. புண்ணியவான் இல்லை, புண்ணியவதி. எழுதியது அவளேதான்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் அசையவில்லை.

அந்த ஊரில் பாதிச் சுவர்களில் தொங்குவது அவள் வேலை பார்க்கும் அச்சகத்தின் தினசரி காலண்டர். ஒவ்வொரு தேதிக்கும் அடியில் நாலைந்து வரி இருக்கும். இன்று என்ன நாள், முன்பு இதே நாளில் என்ன நடந்தது, கூடவே ஒரு விந்தைச் செய்தி. அதை எழுதுவதுதான் அவள் வேலை. பெங்குவினுக்கு ஒரு நாள், தூக்கத்துக்கு ஒரு நாள், கை கழுவுவதற்கு ஒரு நாள் என்று உலகம் நாள் வைத்துக்கொண்டே போகும். அவள் ஒன்றுவிடாமல் பிடித்து வந்து தாளில் உட்கார வைப்பாள். மூன்று இடத்தில் சரிபார்க்காமல் ஒரு வரி எழுதமாட்டாள். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று எழுதுமுன் அவள் பட்ட பாட்டை ஆக்டோபஸ்கூடப் பட்டிருக்காது. அச்சகத்தில் அவள் பெயரே தேதியக்கா.

அப்பேர்ப்பட்ட தேதியக்காவின் காலண்டரில் இன்று இப்படி இருந்தது:

"உலக நாத்தனார் நாள். இன்று ஒரு நாத்தனாரையாவது வீட்டுக்கு அழைத்து வாருங்கள். வெயிலில் நிறுத்தாதீர்கள். நிழலில் வைத்து, சாயங்காலம் தண்ணீர் கொடுங்கள். இடம் மாறியதால் முதலில் வாடித்தான் இருப்பார். பயம் வேண்டாம். பொறுமையாக இருந்தால் வேர் பிடித்துவிடுவார்."

முகத்தில் சவரச் சோப்போடு வந்து எட்டிப் பார்த்த கணவன், சிரித்த சிரிப்பில் நுரை தாளின்மேல் தெறித்தது.

"என் தங்கச்சிக்கு உலக அளவுல நாள் வெச்சுட்டியே! ஆமா, தண்ணி சாயங்காலம்தான் குடுக்கணுமா? அவ காலையிலயே கேட்டா?"

"சிரிக்காதீங்க. நான் சொன்னது நாத்து. நாற்று. செடி வைக்கிற நாற்று."

"நாத்துதான் நாத்தியாகிப் போச்சா? பரவால்ல, ரெண்டும் ஒரு இடத்துல பிடுங்கி இன்னொரு இடத்துல நடறதுதானே."

எப்படி நடந்தது என்று இப்போது புரிந்தது. போன வருஷம், இந்தக் காலண்டரின் கடைசி மாதத் தேதிகளை எழுதும் சமயம் அவளுக்குக் காய்ச்சல், தொண்டை வேறு கட்டியிருந்தது. படுத்தபடியே கைப்பேசியில் பேசி அனுப்பினாள். "அன்னிக்கு உலக நாத்து நாள். ஒரு நாத்தையாவது வீட்டுக்குக் கொண்டு வாங்க" என்று அவள் கரகரத்தது, அச்சகத்தில் டைப் அடிக்கும் பெண்ணின் காதில் நாத்தியாக விழுந்திருக்கிறது. நாத்தி என்று அச்சில் போட்டால் மரியாதையாக இருக்காது என்று அந்தப் பெண் நாத்தனாராக உயர்த்தியிருக்கிறாள். மிச்ச வரிகளையும் மனுஷிக்குப் பொருந்துகிற மாதிரி தட்டி நிமிர்த்தியிருக்கிறாள். கிழிக்கிற காலண்டரை யார் முன்கூட்டிப் புரட்டிப் பார்க்கிறார்கள்? குண்டு தன் தேதிவரை பேசாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

ஊர் சிரிப்பது இருக்கட்டும். அவளை உலுக்கியது அது இல்லை. 'வேர்' என்ற ஒரு சொல்.

நாத்தனார், கணவனுக்குத் தங்கை, ஊரின் இன்னொரு கோடியில் கார் ஓட்டக் கற்றுத் தருகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து "பிரேக்கு! பிரேக்கு!" என்று அலறுவதால் கற்றுக்கொள்பவர்கள் வைத்த பெயர் பிரேக்கு மேடம். கல்யாணமாகிப் போன வீட்டில் சரிப்படாமல், ஒரு பெட்டியோடு திரும்பி வந்து, கொஞ்ச காலம் அண்ணன் வீட்டில் இருந்து, பிறகு தன் காலில் நின்றவள். அண்ணிக்கும் ஓட்டக் கற்றுத் தருகிறேன் என்று அவள்தான் கூப்பிட்டாள். அண்ணி பின்பக்கமாக எடுத்த வண்டி காம்பவுண்டுத் தூணில் போய் உட்கார்ந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள்; நாத்தனாரின் காரை உடைத்தால் என்ன குடம் என்று பழமொழி சொல்லவில்லை. ஆனால் நாத்தனார் சண்டைக்கு வரவில்லை. சிரிக்கத்தான் செய்தாள். "அண்ணிக்கு எழுத்துதான் வரும், ஸ்டியரிங் வராது" என்றாள். சுற்றி நின்ற பெண்களும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு சுட்டது. "வாழப்போன வீட்டுல வேர் பிடிக்கத் தெரியாதவங்க எனக்கு வழி சொல்ல வேண்டாம்" என்று வாய் சொல்லிவிட்டது.

வாய்தான் சொன்னது என்று வெகுநாள் தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் வாய்க்கு ஏது அவ்வளவு சாமர்த்தியம்? எங்கே குத்தினால் எவ்வளவு வலிக்கும் என்று கணக்குப் பார்த்து எடுத்துக் கொடுத்தது உள்ளே இருந்த வேறொருத்தி. அந்த வேறொருத்தியோடு அதற்கப்புறம் அவள் அவ்வளவாகப் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. நாத்தனாரும் அதற்கப்புறம் வீட்டுப் படி ஏறவில்லை. இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ஏதாவது சொல்லவேண்டியிருந்தால் இரண்டு பேருக்கும் நடுவில் கணவன்தான் தபால்காரர்.

நாத்தனார் வகுப்பறைச் சுவரிலும் இதே காலண்டர்தான். எழுதுவது யார் என்று அவளுக்குத் தெரியும். இன்று காலையில் கிழித்திருப்பாள். வாடித்தான் இருப்பார், வேர் பிடித்துவிடுவார்... அன்றைக்குக் குத்தினது போதாது என்று அச்சடித்து ஊரெல்லாம் மாட்டியிருக்கிறாள் அண்ணி என்று நினைக்கமாட்டாளா?

"நீங்க போன் பண்ணி அது பிழைன்னு சொல்லிடுங்க" என்றாள்.

"தபால்காரருக்கு இன்னிக்கு லீவு" என்று கணவன் முகம் கழுவப் போய்விட்டான்.

பேருந்தில் ஏறியதும் பக்கத்து இருக்கைப் பெண் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தாள். "காலண்டர்லயே போட்டிருக்கான்டி. கூப்பிடலைன்னா நல்லாவா இருக்கும்? சாயங்காலம் வந்துடு. இல்ல, தண்ணி மட்டும் இல்ல, டிபனும் உண்டு." முன் இருக்கைப் பெரியவர் திரும்பி, "மச்சானுக்கு எப்பம்மா நாள்?" என்று பேருந்துக்கே பொதுவாகக் கேட்டார். "மச்சானுக்கு எதுக்குத் தாத்தா தனி நாளு, அவரு தினமும்தானே வந்து சாப்பிடறாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பேக்கரி வாசலில் கரும்பலகையில், 'நாத்தனார் நாள் கேக், சர்க்கரை குறைவு, அன்பு அதிகம்' என்று சாக்பீஸில் எழுதியவர் கையைக்கூடத் துடைக்காமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வரக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள். தவறு செய்தவளுக்குச் சிரிக்க உரிமை உண்டா என்று ஒரு யோசனை ஓடியது. ஆனால் வயிற்றில் பயமும் தொண்டையில் சிரிப்புமாக ஒரே உடம்பில் இரண்டு குடித்தனம் நடத்துவது அப்படியொன்றும் கஷ்டமாகவும் இல்லை.

அச்சகத்தில் பசை வாசனை வழக்கம்போல இருந்தது. அடுத்த வருஷக் காலண்டர் வேலை நடந்துகொண்டிருந்ததால், வெட்டும் இயந்திரம் பெரிய தாள்களை நறுக்நறுக்கென்று தேதி தேதியாகப் பிரித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் தொலைபேசி அலறிக்கொண்டிருந்தது. முதலாளி ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்ததால் அந்தப் பக்கத்து ஆண்குரல் எல்லோருக்கும் கேட்டது.

"ஏங்க, என் பொண்டாட்டியும் என் தங்கச்சியும் ஒரே ரூம்ல உக்காந்து சிரிச்சுக்கிட்டிருக்காங்க. என்னைப் பத்தித்தான். யாரைக் கேட்டு இதைப் போட்டீங்க?"

டைப் அடிக்கும் பெண் கண் சிவக்க உட்கார்ந்திருந்தாள். தேதியக்காவைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நீங்க நாத்தின்னுதான்க்கா சொன்னீங்க. நான் மூணு தடவ கேட்டேன்."

"நாத்துன்னேன்மா. தொண்டை கட்டியிருந்துச்சு."

"'கொண்டு வாங்க'ன்னு சொன்னீங்க. மனுஷங்களைப் போய் எப்படிக் கொண்டு வரதுன்னு 'அழைத்து'ன்னு மாத்தினேன். 'அதிகமா ஊத்தினா அழுகிடும்'னு ஒண்ணு இருந்துச்சு. அதைப் போடலாமான்னு யோசிச்சு விட்டுட்டேன்."

"அந்த மட்டும் புண்ணியம்."

"எங்க நாத்தி தங்கம்க்கா. நான் கல்யாணமாகி வந்தப்போ, வாடிப் போயிருந்தேன். அவங்கதான் தினம் சாயங்காலம் பக்கத்துல வந்து உக்காந்து பேசுவாங்க. அதான் நீங்க சொன்னதைக் கேட்டதும், அட, அக்கா எவ்வளவு சரியா எழுதியிருக்காங்கன்னு நினைச்சேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "தப்புன்னு தோணவே இல்ல."

முதலாளி ரிசீவரை வைத்தார். நல்ல மனுஷர். ஒரு எழுத்து தப்பினால் ஊரே சிரிக்கும் என்பது அவர் தினமும் சொல்லும் வாசகம். இன்று ஊரே சிரித்துக்கொண்டிருந்ததால் அதைச் சொல்ல வழியில்லாமல் தவித்தார். அவருடைய உண்மையான தலைவலி நாற்றுப் பண்ணைக்காரர். அந்தத் தேதியில் நாற்று நாள் வருகிறது என்று சொல்லித்தான் அவரிடம் தாளின் தலையில் பண்ணையின் விளம்பரத்தை வாங்கியிருந்தார்கள். 'எங்களிடம் தரமானவை மட்டுமே கிடைக்கும்' என்று மேலே பண்ணை விளம்பரம், கீழே உலக நாத்தனார் நாள்.

"காலையிலேருந்து அவருக்குப் போனாம். 'உங்ககிட்ட நாத்தனார் கிடைக்குமாமே, வீட்டுக்குக் கொண்டு வந்து தருவீங்களா'ன்னு கேக்கறாங்களாம்" என்றார் முதலாளி. "ஒரு மறுப்பு எழுதும்மா. 'அச்சுப்பிழை, நாற்று என்று திருத்தி வாசிக்கவும்.' ஒரே வரி. சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் கைப்பேசியில அனுப்பிடலாம்."

"எழுதித் தரேன்" என்று அவள் பேனாவைத் திறந்தாள். அதுதான் முறை. இத்தனை வருஷமும் தேதியில் ஒரு புள்ளி பிசகினாலும் அவளே போய்த் திருத்தியவள். 'அச்சுப்பிழை' என்று எழுதினாள்.

அப்போதுதான் வாசலில் ஹாரன் கேட்டது. விட்டு விட்டு, ஒருவருக்கும் பொறுமை இல்லாத மாதிரி. அந்த ஹாரனை அவளுக்குத் தெரியும்.

தலையில் பலகை மாட்டிய கார் நின்றது. ஓட்டுகிற இடத்திலிருந்து முகம் வெளுத்த ஒரு பெண் இறங்கினாள். மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு பிரேக்கு மேடம் இறங்கினாள். கையில் காலண்டர் தாள்.

தேதியக்கா எழுந்து நின்றாள். வெட்டும் இயந்திரம்கூட அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது.

நாத்தனார் உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்தாள். "வந்தாச்சு அண்ணி. நிழல் எங்க?"

டைப் அடிக்கும் பெண் மின்விசிறியை மெல்ல அவள் பக்கம் திருப்பிவிட்டாள்.

"தண்ணி சாயங்காலம்தான்னு போட்டிருக்கு. இப்பவே குடுத்தா அழுகிடுவேனா?"

டைப் அடிக்கும் பெண் களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். தேதியக்கா தன் தண்ணீர்ப் புட்டியை எடுத்து நீட்டினாள். நாத்தனார் அண்ணாந்து குடித்தாள். குடித்து முடிக்கும்வரை கண்ணை மூடியே இருந்தாள்.

"நிஜத்தைச் சொல்லிடறேன் அண்ணி. உங்களை நாலு கேள்வி நறுக்குன்னு கேக்கத்தான் கிளம்பினேன். வேருன்னு பாத்ததும் உச்சிமண்டை வரைக்கும் ஏறிடுச்சு. இவ ஓட்ட, நான் பக்கத்துல உக்காந்து, கேக்கவேண்டியதை எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டே வந்தேன். முதல் சிக்னல்ல நின்னப்போ இன்னொரு தடவ படிச்சேன். 'வாடித்தான் இருப்பார். பயம் வேண்டாம்.' இதை ஒருத்தர்கூட என்கிட்ட சொன்னதில்ல, அண்ணி. அவனை விட்டு வந்தப்போ எல்லாரும் புத்திதான் சொன்னாங்க. ரெண்டாவது சிக்னல்ல அழுதுட்டேன்."

"நான் எதையோ இடிச்சுட்டேன்னு நினைச்சு நானும் அழுதேன்" என்றாள் முகம் வெளுத்த பெண். "பச்சை விழுந்தும் எடுக்கல. பின்னாடி ஒரே ஹாரன்."

"நீ சும்மா இரு. அண்ணி, நீங்க எனக்குத்தானே எழுதினீங்க?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அது நாக்கின் நுனியில் வந்து தயாராக உட்கார்ந்திருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது, எடுத்துக் குடிக்கவேண்டியதுதான். ஆனால் அவள் மூன்று இடத்தில் சரிபார்த்துப் பழகியவள். இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சரிபார்க்காத ஒன்றைச் சொல்ல வரவில்லை.

"இல்ல" என்றாள். "நான் சொன்னது நாத்து. தக்காளி நாத்து, கத்திரி நாத்து. காய்ச்சல்ல தொண்டை கட்டிப் போய், அது நாத்தின்னு கேட்டிருக்கு."

நாத்தனாரின் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. "நாத்தா?" என்றாள். தாளைத் திரும்பப் பார்த்தாள். "ஓ. அப்போ வேர், வெயில், தண்ணி எல்லாம்..."

"செடிக்கு."

நாத்தனார் தலையை நிமிர்த்தினாள். ஓட்டக் கற்பவர்கள் கண்ணாடியைப் பார்க்காமல் திருப்பினால் அவர்களைப் பார்க்கும் பார்வை அது.

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ப்ரூஃப் யார் பாத்தது?"

"நான்."

"எல்லாத் தாளுமா?"

"எல்லாத் தாளும்."

"அப்போ இதையும் படிச்சிருக்கீங்க. தப்புன்னு தோணலையா?"

தேதியக்கா தனக்குள் தேடிப் பார்த்தாள். சுவரொட்டியில் ஒரு ழகரம் ளகரமாகிப் போயிருந்தால் ஓடுகிற பேருந்திலிருந்தே பிடிக்கிற கண் அவளுடையது. அந்தக் கண் இந்த வரிகளின் மேல் ஊர்ந்துதான் போயிருக்கிறது. நாத்தனார் என்ற சொல்லைப் பார்த்திருக்கிறது. வீட்டுக்கு அழைத்து வாருங்கள் என்பதைப் பார்த்திருக்கிறது. பார்த்தும் பென்சில் நிற்கவில்லை. காய்ச்சல் அப்போது விட்டிருந்தது, அதன்மேல் பழி போடமுடியாது. உள்ளே பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தாளே அந்த வேறொருத்தி, அவள் அந்த நேரம் பார்த்து வந்து பென்சில் பிடித்த கையைத் தடுத்திருப்பாளோ? இருக்கலாம். இதை எந்த மூன்று இடத்தில் சரிபார்ப்பது?

"தோணல" என்றாள் கடைசியில். "படிக்கறப்ப எனக்கு அது சரியாத்தான் இருந்திருக்கு."

நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காம்பவுண்டுத் தூணருகே சிரித்த அதே சிரிப்புதான். இன்று சுடவில்லை.

"தக்காளி நாத்து! கத்திரி நாத்து! அண்ணி, உங்களை வெச்சுக்கிட்டு எங்க அண்ணன் எப்படித்தான் குடும்பம் நடத்தறானோ!"

"அன்னிக்குத் தூணுகிட்ட நான் சொன்னது..." என்று தொடங்கிய தேதியக்காவுக்குக் குரல் மறுபடி கரகரத்தது. "அதுதான் பெரிய பிழை. இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. அதை அன்னிக்கே திருத்தியிருக்கணும். நீ அந்த வீட்டை விட்டுப் பிடுங்கிட்டு வந்ததே தைரியம். அது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

"இதை நேர்ல சொன்னீங்களே, நல்லதாப் போச்சு." நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போன்ல பேசி அனுப்பியிருந்தா இந்தப் பொண்ணு வேற என்னத்தையாவது அடிச்சு வெச்சிருக்கும்."

"சாயங்காலம் வீட்டுக்கு வரியா?"

"வராம? காலண்டர்லயே போட்டாச்சே. ஆனா வண்டியை நீங்கதான் ஓட்டணும். தூண் இருக்கற பக்கமாப் போகாம நான் பாத்துக்கறேன்." அவள் கார்ச் சாவியை மேசைமேல் வைத்தாள். "இவளை விட்டுட்டு நாலு மணிக்கு வரேன். இவளுக்கு இன்னிக்கு இவ்வளவு அழுகை போதும்." பிறகுதான் சாவி இல்லாமல் எப்படிப் போவது என்று நினைவு வந்து, அதை எடுத்துக்கொண்டு போனாள்.

கார் கிளம்பி, இரண்டு தடவை நின்று, மறுபடி கிளம்பியது. "கிளட்சு! கிளட்சு!" என்று தெருக்கோடி வரை கேட்டது.

தொலைபேசி மறுபடி அடித்தது. முதலாளி கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் புருவம் ஏறிக்கொண்டே போனது. வைத்துவிட்டு, "நாற்றுப் பண்ணைக்காரர்" என்றார். "நாத்தனாருக்குக் குடுக்கன்னு ஆளாளுக்கு ரோஜாக்கன்னு வாங்கிட்டுப் போயிட்டாங்களாம். கடையில ஒரு தொட்டி மிச்சம் இல்லையாம்."

"அப்போ சந்தோஷம்தானே?" என்றாள் டைப் அடிக்கும் பெண்.

"சந்தோஷம்தானாம். ஆனா வியாபாரம் வேற, கொள்கை வேறயாம். மறுப்பு வந்தே ஆகணும்ங்கறார். எழுதிட்டியாம்மா? அப்படியே அடுத்த வருஷத் தாளையும் திருத்திடு. பழையபடி நாற்றுன்னு."

மேசைமேல் 'அச்சுப்பிழை' என்ற ஒற்றைச் சொல் எழுதிய தாள் கிடந்தது. பக்கத்தில் இந்த வருஷத்ததை அப்படியே எடுத்துப் போட்ட அடுத்த வருஷத்து ப்ரூஃப், அதே தேதி, அதே வரிகள். தேதியக்கா குனிந்து அவற்றை ஒரு தடவை படித்தாள். பெங்குவினுக்கும் தூக்கத்துக்கும்கூட யாரோ ஒருத்தர் முதலில் வாயைத் திறந்து சொல்லித்தானே நாள் வந்தது. இதைச் சொன்னது கட்டிய தொண்டை. கடைப்பிடிப்பது ஊர். எழுத்து சரியாகத்தான் இருந்தது. பென்சிலை வரிகளின் ஓரமாக நகர்த்திக்கொண்டே போய், எங்கும் நிறுத்தாமல், கீழே தன் சுருக்கொப்பத்தைப் போட்டாள்.

"நாத்துக்கு மறுநாள் காலியா இருக்குங்க" என்றாள். "இடம் மாத்தி நட்டா அது ஒண்ணும் கோவிச்சுக்காது. அவர்கிட்ட அப்படியே சொல்லிடுங்க."

"சரி, அது அடுத்த வருஷம். இன்னிக்கு மறுப்பு?"

அவள் பேனாவை மூடி முதலாளியின் கையிலேயே கொடுத்தாள். 'அச்சுப்பிழை' தாளை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் வைத்து அழுத்தினாள். மேசை ஆட்டம் நின்றது.

"இல்லீங்க" என்றாள், மெதுவாக. "அதை எழுத வேண்டாம்."